வெள்ளிக்காசில் உட்கார்ந்திருப்பவள்

விருத்தாசலம்
14.6.2024

அன்புத் தம்பி பழமலைக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததுமே சிரித்திருப்பாய். சிரி. போன் பண்ணினால் அம்மா வந்து என் தோளில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டதும் நீ "அக்கா, டவர் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். குஜராத்து மோர்பியில் அத்தனை டைல்ஸ் கம்பெனி இருக்கிறதாம், ஒரு டவர் இல்லையாம். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாம்தான். அனுப்பினால் பொழுது சாய்வதற்குள் மங்கலம்பேட்டை கடைத்தெரு வரைக்கும் போய் நிற்கும். விஷயம் அப்படி.

போன வாரம் கம்மாபுரம் பக்கமிருந்து நம் பீங்கான் பட்டறைக்கு ஒரு லோடு களிமண் வந்தது. லாரி ஆனந்தராஜ்தான் ஓட்டி வந்தார். மேல்மண்ணையும் சேர்த்து அள்ளிப் போட்டிருந்தார்கள். அதைக் கரைத்துச் சல்லடையில் ஊற்றும்போது, அச்சு வார்க்கப் புதிதாக வந்திருக்கும் தமிழினி, "அக்கா, சல்லடையில சட்டை பட்டன் கெடக்குது" என்றாள். கழுவிப் பார்த்தால் வெள்ளிக்காசு.

பழைய நாலணா அளவு இருக்கிறது. ஒரு பக்கம் ஓர் ஆம்பளைத் தலை. கழுத்து தடித்தவன், தலையைச் சுற்றி இலை கட்டியிருக்கிறான், கன்னத்தில் ஒரு வெட்டு. மறுபக்கம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் நீளமாய்க் கோல், இன்னொரு கையில் இலைக்கொத்து. நம் அம்மாவுக்குச் சொல்லவா வேண்டும்? "சூலமும் வேப்பிலையும் வச்சிக்கினு வேற யாருடி உக்காருவா? மாரியாத்தாதான்" என்று புளி போட்டுத் தேய்த்து, குங்குமம் வைத்து, பூஜை அலமாரியில் ஏற்றிவிட்டாள். அடுத்த லோடோடு வந்த ஆனந்தராஜ் எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லீங்கம்மா, இது எங்க கோணாங்குப்பம் மாதா" என்றார். லோடை இறக்காமல் ரெண்டு பேரும் வாக்குவாதம்.

சுற்றிலும் இங்கிலீஷ் மாதிரி எழுத்து. தமிழினி எழுத்துக்கூட்டி "மாக்ஸிம்" என்று படித்துவிட்டு, "சாமி மேக்ஸி போட்டிருக்குதுன்னு எழுதியிருக்காங்கக்கா" என்றாள். பார்த்தால் நிஜமாகவே கழுத்திலிருந்து கால்வரை மேக்ஸிதான்.

காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படம் இத்துடன் இருக்கிறது. இது யார் என்று கண்டுபிடித்துச் சொல். அம்மாவைப் பற்றி எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். நான் காசைப் பற்றித்தான் எழுதினேன். நடுவில் அவள் வந்தால் நான் என்ன செய்ய?

உன் அக்கா
இளமதி


மோர்பி
30.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உறையைக் கொண்டுவந்து கொடுத்த செக்யூரிட்டி, கோர்ட் நோட்டீஸோ என்று பயந்தபடி நீட்டினான். அவன் பயந்ததில் தப்பில்லை. நம் வீட்டிலிருந்து எனக்கு வந்தது அதுதானே.

நமக்குப் போட்டியான இந்த ஊர்க் கம்பெனிக்கு நான் வேலைக்கு வந்ததற்கு உன் அம்மா பீங்கான் தொழிற்பேட்டையில் அத்தனை பேர் நடுவில் "எதிரிக்கு அடுப்பு ஊதப் போறான்" என்றார்கள். பட்டறையை விட்டுப் போகிறேனே என்ற வயிற்றெரிச்சல், போகட்டும் என்று விட்டேன். கொஞ்ச நாள் போனை எடுக்கவில்லை. அதற்கு மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பரிடம் என் மேல் பிராது எழுதிக் கட்டினார்களே, அதை எப்படி விடுவது? மாடு திருடினவன் மேலும், கடன் வாங்கி ஏமாற்றினவன் மேலும் கட்டுவது பிராது. வாதி அமிர்தம், எதிர்வாதி பெற்ற பிள்ளை. அந்தக் கோவில் முனியப்பர் வேலில் கட்டின சீட்டில் என் பெயர் காற்றில் ஆடுகிறது. அதையும் ஆதிலட்சுமி அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அவமானமாக இருந்தது அக்கா, இன்னும் இருக்கிறது. பிராதை வாபஸ் வாங்கட்டும், பேசுகிறேன். அதுவரை கிடையாது. மூன்று வருஷமாக இதைத்தான் சொல்கிறேன்.

சரி, காசு. அந்தப் பென்சில் படத்தை ஷிப்டு முழுக்கச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். என்னோடு வேலை செய்யும் ஹஸ்முக் அதைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "மேல்டி மா" என்றான். அவன் ஊர்ச் சாமி. அந்த அம்மாவுக்கு வாகனம் ஆடு. ஆடு எங்கேடா என்று கேட்டேன். காசு சின்னது, இடம் பற்றவில்லை என்றான்.

பீங்கான் பட்டறை வைத்திருப்பவள் பென்சிலால் தேய்த்து அனுப்பலாமா? எழுத்து ஒன்றுமே தெளிவாக விழவில்லை. ரெண்டு பக்கத்தையும் களிமண்ணில் அழுத்தி, ஒரு சூடு போட்டு அனுப்பு. புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்று உன் அம்மாவிடம் சொல். தேய்ந்தால் எழுத்து போய்விடும்.

பழமலை


விருத்தாசலம்
18.7.2024

அன்புத் தம்பிக்கு,

கேட்டபடி அழுத்தி, ஃபியூஸ் கட்டை லோடோடு சூளையில் வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறேன். பஞ்சு சுற்றியிருக்கிறது, பதனமாய்ப் பிரி. சுட்டதில் மண் சுருங்கியிருக்கும், காசு இதைவிடச் சற்றுப் பெரிசு.

புளி விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "யார்கிட்ட சொல்லச் சொன்னான்? என்கிட்டயா?" என்று ரெண்டு தரம் கேட்டாள். ஆமாம் என்றேன். கையிலிருந்த புளியைக் கொண்டுபோய் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்ப இதையும் கேளு. கையில இருக்கறது என்னா எலை? அந்த ஆம்பள யாரு, ராசாவா? ராசான்னா கன்னத்துல ஏன் வெட்டு? யாரு வெட்டுனது?" நான் எழுதி முடிக்கும்வரை நகரவில்லை. பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ கோபித்தாலும் சரி, இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவள் பிராதில் எழுதியது ஒரே வரி. "என் மகன் பழமலைநாதன் என்னோடு பேச வேண்டும்." உன் கையைக் காலை முடக்கச் சொல்லி எழுதவில்லை. உனக்கும் அது தெரியும். வாபஸ் வாங்கேம்மா என்றால், "நெறவேறாம எப்படி வாங்கறது? நெறவேறிச்சுன்னு சாமிகிட்டப் பொய் சொல்லவா? அவன் பேசட்டும், அன்னிக்கே போயி பிராது தீந்துச்சுன்னு ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்" என்கிறாள். வாபஸ் வாங்கினால் பேசுவாயாம் நீ. பேசினால் வாபஸ் வாங்குவாளாம் அவள். ரெண்டு பேருக்கும் ஒரே மண், ஒரே சூளை. நான் மட்டும் எங்கிருந்து வந்தேன் என்று தெரியவில்லை.

இளமதி


மோர்பி
11.8.2024

அக்கா,

பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, அழுத்தினால் வலம் இடமாகும் என்பது மறந்துபோச்சா? எழுத்தெல்லாம் இடம் வலமாய்ப் புரண்டு கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உலகத்தில் இல்லாத ஒரு பாஷையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஹஸ்முக் அது பாரசீகம் என்று பந்தயம் கட்டினான். மறுநாள் பல் தேய்க்கும்போது கையிலிருந்த, நீ அனுப்பிய மண் வில்லை கண்ணாடியில் தெரிந்தது. அங்கே எழுத்து நேராக நிற்கிறது! பேஸ்ட்டைத் துப்பிவிட்டு ஒரு கத்துக் கத்தினேன். நானும் அதே பேட்டைப் பிள்ளைதான், அதனால் உன்னை ரொம்பத் திட்டவில்லை.

இது ரோமாபுரிக் காசு. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தினது. அந்தத் தடித்த கழுத்துக்காரன் டைபீரியஸ் என்கிற ராஜா. தமிழினி படித்த மாக்ஸிம், மேக்ஸி இல்லை. அந்தப் பக்கத்து எழுத்துக்குத் தலைமைப் பூசாரி என்று அர்த்தமாம். ராஜாவே பூசாரியும். மிளகும் துணியும் வாங்கக் கப்பலில் வந்தவர்கள் இதைக் கொட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் அரிக்கமேட்டில்கூட அவர்கள் சாமான்கள் கிடைத்திருக்கிறதே. அங்கிருந்து எப்படிக் கம்மாபுரம் மண்ணுக்கு வந்தது என்று யார் சொல்ல முடியும்? யாருடைய இடுப்பு முடிச்சிலிருந்து அவிழ்ந்து விழுந்ததோ. அதைத் தேடி அந்த ஆள் எத்தனை நாள் குனிந்தபடி நடந்தானோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

உன் அம்மா கேட்டதற்குப் பதில். அது வேப்பிலை இல்லை, ஒலிவ இலை. வெட்டு, நம் ஆட்கள் போட்டதாக இருக்கலாம். உள்ளேயும் வெள்ளிதானா, செம்புக்கு மேல் பூச்சா என்று கீறிப் பார்ப்பார்களாம். ராஜா முகமென்றுகூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்திருப்பது பாக்ஸ் என்கிற தெய்வம். சமாதானத்துக்கு அதிபதி. இதையும் சொல்லிவிடு: சமாதான தேவதைக்குக் குங்குமம் வைத்துவிட்டு, மகன் மேல் கேஸ் நடத்தும் வீடு உலகத்தில் ஒன்றுதான் இருக்கும்.

பழமலை


விருத்தாசலம்
5.9.2024

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்தேன், கேஸ் வரியையும் சேர்த்து. அம்மா அசரவில்லை. "பாக்ஸா? பாக்ஸுன்னா டப்பாதானே. சாமிக்கு யாராவது டப்பான்னு பேரு வெப்பாங்களா? சமாதானத்துக்கு எதுக்குடி கையில கோலு?" என்றாள். அந்தக் கோல் விஷயம் எனக்கும் நியாயமாகத்தான் படுகிறது. அதைக் கேட்டுச் சொல்.

இங்கே நிலைமை கொஞ்சம் கைமீறிப் போகிறது. வெள்ளிக்கிழமையானால் பேட்டைப் பெண்கள் பூவோடு வருகிறார்கள். புதையல் மாதிரிக் கிடைத்ததை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டால் தப்பு. தாலுகா ஆபீசில் கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். குடுக்கறேன், ஆனால் யாரென்று தெரியாமல் கொடுக்க மாட்டேன் என்கிறாள் அம்மா. "எங்கருந்தோ வந்தவ, நம்ம வூட்ல மூணு மாசம் இருந்துட்டா. பேரு தெரியாம எப்படி அனுப்பறது? நாளைக்கி யாரு வந்திருந்தாங்கன்னு கேட்டா என்னான்னு சொல்லுவேன்?"

அப்புறம் ஒன்று சொன்னாள். அதிலிருந்து எனக்கும் குழப்பம். "இளமதி, இது சாமி மொகம் இல்லடி. சாமின்னா நம்மள நேராப் பாக்கும். இவ பக்கவாட்டுல பாத்துக்கினு இருக்கறா. யாரோ வரணும்னு பாக்கற பார்வை. இவளுக்கும் அந்த ராசாவுக்கும் என்னா ஒறவுன்னு அவங்கிட்ட கேளு. பொண்டாட்டியா, கூடப் பொறந்தவளா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகம் தேய்ந்து கிடக்கிறது. அதில் எந்தப் பார்வையை இவள் பார்த்தாள் என்று தெரியவில்லை. கேட்டதைக் கேட்டுவிட்டேன்.

இளமதி


மோர்பி
2.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஹஸ்முக் என்னைப் பைத்தியம் என்று முடிவே கட்டிவிட்டான். லீவு போட்டு ராஜ்கோட் மியூசியத்துக்குப் போனேன். அங்கே இந்தக் காசு இல்லை. ஆனால் வெளியில் டீ குடித்துக்கொண்டே போனில் தேடினதில் ஒன்று அகப்பட்டது. அந்தச் சந்தோஷத்தில் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

உன் அம்மா சொன்னது சரியாக இருக்கலாம். சமாதான தேவதை என்று ஒரு கட்சி. இல்லவே இல்லை, அது ராஜாவின் அம்மா, அவளைத் தெய்வக்கோலத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு கட்சி. ரெண்டும்தான், அம்மாவையே சமாதானமாகக் காட்டியிருக்கிறான் என்று மூன்றாவது கட்சி. பெயர் லிவியா. அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. படித்தவர்கள் அத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியை, நம் வீட்டுப் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்று ஒருத்தர் சாதாரணமாகக் கேட்டுவிட்டார்கள். கோல் ராணிகளும் தெய்வங்களும் பிடிப்பது. அம்மா கேட்டது நல்ல கேள்வி. சமாதானம் மட்டும் என்றால் கோல் எதற்கு?

ஆக, அம்மன் இல்லை அக்கா, அம்மா. ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.

அந்த லிவியாவைப் பற்றி இன்னும் படித்தேன். அதை இப்போது எழுத முடியவில்லை. இங்கே ஃபர்னஸில் கோளாறு, தலைக்கு மேல் வேலை. முட்டி வலி எப்படி இருக்கிறது? வேப்பூர் வைத்தியரிடம் எண்ணெய் வாங்கினது நின்றுபோனதா?

பழமலை


விருத்தாசலம்
9.11.2024

தம்பிக்கு,

கார்த்திகை தீபத்துக்கு அகல் ஆர்டர் குவிந்து கிடக்கிறது, அதனால்தான் தாமதம். முட்டி வலி அப்படியேதான். எண்ணெய் நிற்கவில்லை. "யாருக்கு முட்டி வலின்னு கேக்கறான்? உனக்கா?" என்று அம்மா என்னைக் கேட்டாள். எனக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். பிறகு, "அம்மா கேட்டது நல்ல கேள்வி" என்ற இடத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, ரெண்டு பேருமே போகவில்லை.

அந்தப் பெண் ராஜாவின் அம்மா என்று தெரிந்ததிலிருந்து அவளுக்குக் குங்குமம் வைப்பதை நம் அம்மா நிறுத்திவிட்டாள். "நம்மள மாதிரி ஒருத்திக்கு எதுக்கு குங்குமம்" என்கிறாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு தரம் அந்தப் பக்கம் ஒரு தரம் என்று புரட்டுகிறாள். நேற்று திடீரென்று, "ஒரே காசுல அம்மாவும் இருக்கறா, புள்ளையும் இருக்கறான். ஆனா இப்படி முதுகோட முதுகா வச்சிட்டாங்களேடி, ஒருத்தர ஒருத்தர் எப்பப் பாப்பாங்க?" என்றாள்.

அவள் கேட்கச் சொன்ன கேள்வி இதுதான்: "அந்த ராசாவும் அவன் அம்மாளும் ஒத்துமையா இருந்தாங்களா?"

நீ எழுதாமல் விட்டது என்னவென்று எனக்குத் தெரியும். நானும் போனில் தேடிப் படித்துவிட்டேன். ஆனால் நான் அவளிடம் சொல்ல மாட்டேன். உன்னைத்தான் கேட்டிருக்கிறாள். ஃபர்னஸ் இந்நேரம் சரியாகியிருக்கும், எழுது.

அக்கா


மோர்பி
1.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஒற்றுமையாய் இருந்தார்கள் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அம்மாவிடம் பொய் சொல்ல வரவில்லை.

இல்லை, ஒற்றுமையாக இல்லை. அவனை ராஜா ஆக்கினதே அம்மாதான் என்கிறார்கள். ஆனபிறகு அவள் எல்லாவற்றிலும் பேசுகிறாள் என்று அவனுக்கு ஆகவில்லை. தலைநகரத்தை விட்டே போய் ஒரு தீவில் உட்கார்ந்துகொண்டான். அவன் போனபிறகு அவள் மூன்று வருஷம் உயிரோடு இருந்தாளாம். அந்த மூன்று வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான், அதுவும் கொஞ்ச நேரம்தான், பார்த்தானாம். மூன்று வருஷம் என்ற இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியில் போய் நின்றேன்.

அவள் இறந்தபோது வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியனுப்பினான். உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். வரவில்லை. அவளைத் தெய்வமாக்க வேண்டும் என்று சபையில் கேட்டார்கள், வேண்டாமென்று தடுத்துவிட்டான். பின்னால் பேரன் ஒருவன் ராஜாவாகி வந்துதான் அவளைத் தெய்வமாக்கினான். இதெல்லாம் அவனைப் பிடிக்காதவர்கள் எழுதிவைத்தது, அப்படியே நம்பக் கூடாது என்றும் சிலர் சொல்கிறார்கள். நம்பாமல் இருக்கவே எனக்கும் ஆசை.

அவன் மகா முரடன். ஆனால் அவனை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா என்ன செய்தாளோ, யாருக்குத் தெரியும்? அவளும் ஏதோ ஒரு கோவிலில் அவன் பெயரை எழுதிக் கட்டியிருப்பாள். கோபத்தில் எழுதுகிறேன், இந்த வரியைப் படிக்காதே. இல்லை, படி. நான் ராஜா இல்லை அக்கா, எனக்குத் தீவும் இல்லை. என் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், அது அப்படியேதான் இருக்கிறது. இருந்தாலும் இந்தக் காசு நம் கையில் கிடைத்திருக்கக் கூடாது என்று தோன்றுகிறது.

பழமலை


விருத்தாசலம்
27.12.2024

அன்புத் தம்பிக்கு,

முழுக்கப் படித்தேன், எதையும் விடவில்லை. அம்மா காசைக் கையில் புரட்டிக்கொண்டே, "பாவம், அவனுக்கும் என்னா கோவமோ" என்றாள். அந்த ராஜாவைத்தான் சொன்னாள் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, "ஆட்டோ கூப்புடு, தாலுகா ஆபீசுக்குப் போலாம். அவ யாருன்னு தெரிஞ்சிபோச்சே" என்றாள். காசை ஒரு சின்ன அகலில் பஞ்சு வைத்து அதில் படுக்கவைத்து எடுத்துக்கொண்டாள். ஆபீசில் நல்ல மனுஷர் ஒருவர், உட்காரவைத்து விவரம் கேட்டு எழுதினார். என்ன உருவம் என்று கேட்டார். "அம்மா" என்றாள். அவர் ஏதோ கிழவி பல்லில்லாமல் ஒரு எழுத்தை விழுங்கிவிட்டாள் என்று நினைத்து "அம்மன் உருவம்" என்று எழுதினார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சார், அந்த 'ன்'ன அடிங்க. 'ம'வுக்குக் கால் போடுங்க. இவ சாமி இல்ல, ஒரு புள்ளயோட அம்மா" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அடித்துவிடுங்கள் சார் என்றேன். அடித்து எழுதிப் பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டார். மியூசியத்துக்கு அனுப்பிவைப்பார்களாம்.

வெளியில் வந்து ஆட்டோவில் ஏறியதும், "மணவாளநல்லூர் போப்பா" என்றாள்.

இன்னொரு பிராது கட்டப் போகிறாளோ என்று நான் பதறிவிட்டேன். கொளஞ்சியப்பர் கோவிலில் ராஜினாமா கொடுக்கும் இடத்தில் போய் நின்றாள். அங்கே இருந்தவர் வழக்கம்போல, "கோரிக்கை நெறவேறிடிச்சாம்மா?" என்று கேட்டார். "நெறவேறிடிச்சி. பேசிட்டான்" என்றாள். அவள் சாமி முன்னால் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. "எப்பம்மா பேசினான்?" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். திரும்பி என்னை முறைத்தாள்.

"நான் கேட்டேன், அவன் சொன்னான். எலை என்னான்னு கேட்டேன், சொன்னான். யாரு வெட்டுனதுன்னு கேட்டேன், சொன்னான். ஒத்துமையா இருந்தாங்களான்னு கேட்டேன், சொல்ல மனசில்லாமயே சொன்னான். கோவத்தையும் சொன்னான். நான் கேட்டு அவன் சொன்னா அதுக்குப் பேரு என்னாடி? ஆறு மாசமா எம் புள்ள எங்கிட்ட பேசிக்கினுதான் இருக்கறான். நடுவுல நீ படிக்கற, அவ்ளோதான்."

எழுதிக் கொடுத்துவிட்டு, முனியப்பரைச் சுற்றி வந்து கும்பிட்டாள். திரும்பும் வழியில் ஆட்டோவில், "அவ காத்துக்கினு இருந்துட்டா. எனக்கு அப்படி முடியாதுடி" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். ஆட்டோக்காரர் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சத்தமில்லாமல் ஓட்டினார்.

உன் பெயர் இப்போது எந்த வேலிலும் ஆடவில்லை. நீ கேட்டது அதுதானே. இனி நான் எழுத ஒன்றும் இல்லை. இது அம்மா சொல்லி எழுதினது இல்லை, என்ன எழுதுகிறாய் என்றுகூட அவள் கேட்கவில்லை. முதல் தரமாகப் பக்கத்தில் வந்து உட்காரவும் இல்லை.

இளமதி


மோர்பி
6.1.2025

அம்மாவுக்கு,

பழமலை எழுதுகிறேன். அக்கா உரக்கப் படிப்பாள், நடுவில் நிறுத்தினால் திட்டு.

நீ செய்தது செல்லாது. அக்காவுக்கு எழுதினதையெல்லாம் உனக்குப் பேசினதாக நீயாக எப்படிக் கணக்கு வைக்கலாம்? எதிர்வாதியை ஒரு வார்த்தை கேட்டாயா? பேசினான் என்று சாமியிடம் சொல்லியிருக்கிறாய். நான் பேசவில்லை. பேச்சு என்றால் நீ ஒன்று சொல்லி, நான் ஒன்று சொல்லி, நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய், கொஞ்ச நேரம் கழித்து நீயே கதவோரம் வந்து "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாயே, அது. மூன்று வருஷமாக அது நடக்கவில்லை. எனக்கு அது இல்லாமல் முடியவில்லை அம்மா. நீ கேட்ட கேள்விக்காகத்தான் ராஜ்கோட் போனேன். காசுக்காக இல்லை. யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நீ அந்த ராஜினாமாவைக் கொடுத்திருக்கக் கூடாது. நீ தோற்றது மாதிரி எனக்குத் தெரிகிறது, அதை என்னால் தாங்க முடியவில்லை. போன் பண்ணலாம்தான். பண்ணினால் அதையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு நீ ஜெயித்துவிடுவாய்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி, வீட்டுக்கு வராமல் நேரே மணவாளநல்லூர் போய் முனியப்பர் முன்னால் நிற்பேன். நீயும் அங்கே வா. சாமிகிட்டச் சொன்னதைச் சாமி முன்னாலேயே நிஜமாக்கிவிடலாம். முட்டி வலியோடு பஸ்ஸில் ஏறாதே, ஆட்டோவில் வா.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அங்கே முதலில் நான்தான் பேசுவேன். நான் ஒரு வார்த்தை பேசி முடிக்கும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது. அப்புறம் யார் முதலில் பேசினது என்று நமக்குள் இன்னொரு கேஸ் வரும்.

உன் மகன்
பழமலைநாதன்